தொய்ந்த இமையும் கிளினிக் அட்டையும்: படுவான்கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமம் ஒன்றில் வசிக்கும் குடும்பத்தில் பிறந்த ஆண் குழந்தையின் இடது மேலிமைத் தொய்வைப் பற்றியது. குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதபடி விபரங்கள் சில மாற்றப்பட்டும், இதையொத்த வேறு குடும்பங்களில் காணக்கிடைத்தவற்றோடு சேர்க்கப்பட்டும் உள்ளன. பிறவி இமைத்தொய்வு அப்படியொன்றும் அபூர்வமானதல்ல. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒல்ம்ஸ்டெட் மாவட்டத்துப் பிள்ளைகளின் நீண்டகாலப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், எளிய வகைப் பிறவி இமைத்தொய்வு 842 பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்கிட்டார்கள். இந்த நிகழ்வை எழுதவைத்தது வேறொரு சங்கதி. தாயின் கர்ப்பகால ஆபத்துக் காரணிகள் யாவும் ஒரே திசையைக் காட்டி நின்றன. குழந்தையின் இமையோ வேறு திசையைக் காட்டியது.

நிகழ்வு

தாய்க்கு 31 வயது. இது இரண்டாவது கர்ப்பம். மூத்த பெண் பிள்ளைக்குக் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. முதல் கிளினிக் வருகையில் குருதி வெல்லம் சாதாரண அளவிலேயே இருந்தது. 26ஆம் வாரத்தில் குளுக்கோஸ் கரைசல் குடிக்கக் கொடுத்துச் செய்த பரிசோதனையில் கர்ப்பகால நீரிழிவு தெரியவந்தது. உணவுக் கட்டுப்பாடு போதாமல் மெற்போமின் ஆரம்பிக்கப்பட்டது. குருதி அமுக்கம் ஏறவில்லை. வலிப்பு நோயோ, அதற்கான மாத்திரைகளோ, மதுப் பழக்கமோ, காய்ச்சலுடன் கூடிய தோல் தடிப்போ இருந்ததில்லை. கடைசி ஸ்கேனில் குழந்தையின் நிறை மேல்வரம்பை ஒட்டி இருந்தது. பன்னீர்க்குடத்து நீரின் அளவு சாதாரணம்.

பிரசவத்தின் இரண்டாம் கட்டம் நீண்டதால் வெக்கியூம் கிண்ணம் வைத்துக் குழந்தை எடுக்கப்பட்டது. பிறப்பு நிறை 3.9 கிலோகிராம். உடனே அழுதது, பாலும் நன்றாகக் குடித்தது. தலையுச்சியில் கிண்ணத்தின் வட்ட வீக்கமும், இரண்டு கண் மடல்களிலும் சற்று வீக்கமும் இருந்தமையால், இடது கண் குறைவாகத் திறப்பதை விடுதியில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அதில் குற்றம் காண இடமில்லை. பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வீங்கிய மடல்களுக்குள்ளே எந்தக் கண் எவ்வளவு திறக்கிறது என்று ஒப்பிடுவது அனுபவமுள்ளவருக்கும் சிரமம். வீக்கம் வடிந்த பிறகும் நிற்கும் தாழ்வே கணக்கில் எடுக்க வேண்டியது.

குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்குப் போன முதல் வருகையிலேயே அந்தத் தாழ்வு தெளிவாகத் தெரிந்தது. "புள்ளை ஒத்தக் கண்ணாலதான் பாக்குது, மிஸ்ஸி" என்று சொன்னவர் குழந்தையின் அம்மம்மா. அவரிடம் அதற்கான காரணங்களும் தயாராக இருந்தன. மகள் சீனி வருத்தத்துக்குக் குடித்த குளிசை ஒன்று. பிரசவத்தில் தலையில் பூட்டி இழுத்தது மற்றொன்று. மூன்றாவது, கிளினிக்கில் சொன்னபடி மகள் மாதக்கணக்காக இடப்பக்கமே சரிந்து படுத்தது. இடப்பக்கம் படுத்ததனால்தான் இடக்கண் அமுங்கிப்போனது என்பது அவருடைய முடிவு. தாய் எதுவும் பேசவில்லை. ஆனால் அதே வளவில் இருந்த அவருடைய தங்கை, அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி, இரும்புச்சத்துக் குளிசைகளை நிறுத்திவிட்டு வலப்பக்கமாகப் படுக்கத் தொடங்கியிருந்தார் என்பது இரண்டாவது வருகையில்தான் தெரியவந்தது. காரணத்தைத் தவறாகக் கட்டிக்கொள்வதால் வரும் கேடு நோயுள்ள பிள்ளையோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

பரிசோதனை

ஆறாவது வாரத்தில் குழந்தை கொண்டுவரப்பட்டபோது அது முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. அந்த வயதுக் குழந்தையின் இமையை அளவுகோல் வைத்து அளக்க முடியாது. சிறு டோர்ச் வெளிச்சம் கண்மணியின் நடுவில் விழுந்து தெறிக்கும் புள்ளிக்கும் மேலிமையின் விளிம்புக்கும் இடையே உள்ள தூரத்தைக் கண்ணால் மதிப்பிடலாம். வளர்ந்தவர்களில் இது 4 முதல் 5 மில்லிமீற்றர் வரை இருக்கும். இக்குழந்தையின் வலது கண்ணில் விளிம்பு புள்ளிக்கு நன்கு மேலே இருந்தது. இடது கண்ணில் புள்ளியைத் தொடாமல் மயிரிழை அளவில் நின்றது. கண்மணி பாதி மூடியும் பாதி திறந்தும் இருந்ததே தவிர, முழுவதும் மறைந்திருக்கவில்லை.

இடது இமையில் மடிப்புக் கோடு இல்லை. வலது இமையில் மென்மையாக ஓடிய கோட்டுக்கு எதிரே இடது இமை வழுவழுப்பாகக் கிடந்தது. இமையை உயர்த்தும் தசையின் நார்கள் தோலைப் பிடித்து இழுப்பதனால்தான் அந்தக் கோடு உண்டாகிறது. தசை நன்றாக வேலை செய்யாத இமையில் அது மங்கும், அல்லது அறவே இராது. குழந்தை இடது புருவத்தை உயர்த்தி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது.

இவற்றையெல்லாம் விடத் தெளிவான தகவலைத் தந்தவர் தாய். அதையும் அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை, விளங்காத ஒன்றாகவே சொன்னார்: முழித்திருக்கும்போது விழுந்து கிடக்கிற அதே கண், நித்திரையில் முழுதாக மூடுவதில்லை, கொஞ்சம் வெள்ளை தெரிகிறது. பால் குடித்த அசதியில் குழந்தை மடியிலேயே கண் அயர்ந்தபோது பார்த்தோம். வலது கண் ஒட்டி மூடியிருந்தது; இடது கண்ணில் ஒரு நூலளவு இடைவெளி. விழித்த பிறகு தாயின் முகத்தைக் குழந்தையின் பார்வைக்குக் கீழே மெல்ல இறக்கியபோது, வலது இமை விழியோடு சேர்ந்து இறங்கியது. இடது இமை பாதி வழியில் நின்றுவிட, அந்த நிலையில் இடது கண்தான் அகலத் திறந்திருப்பதுபோலத் தோன்றியது.

இந்த நிகழ்வின் மையம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான தசைக்கு இறுகவும் தெரியும், தளரவும் தெரியும். எளிய வகைப் பிறவி இமைத்தொய்வில் மேலிமையை உயர்த்தும் தசை சரிவர உருவாகாமல், அதன் நார்களின் இடத்தை நார்த்திசுவும் கொழுப்பும் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட தசையால் போதிய அளவு இறுகவும் முடியாது, முழுமையாகத் தளரவும் முடியாது. எனவே நேரே பார்க்கையிலும் மேலே பார்க்கையிலும் இமை தாழ்ந்து நிற்கிறது. கீழே பார்க்கையிலோ நித்திரையிலோ மற்ற இமையளவு இறங்காமல் நின்றுவிடுகிறது. பிரசவத்தில் ஏற்பட்ட வீக்கத்தாலோ, தசைநாண் விலகியதாலோ, நரம்பு காயப்பட்டதாலோ வந்த தொய்வில் இந்த விறைப்பு இருப்பதில்லை. அவற்றில் இமை எல்லாப் பார்வை நிலைகளிலும் தாழ்ந்தே இருக்கும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். மங்கலான வெளிச்சத்திலும் பிரகாசமான வெளிச்சத்திலும் கண்மணிகள் இரண்டும் ஒரே அளவு. கதிராளிகளின் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையங்களின்) நிறம் ஒன்றே. விழிகள் எல்லாத் திசையிலும் அசைந்தன. ஒளி பாய்ச்சும்போது கண்மணிக்குள் தெரியும் செந்நிறத் தெறிப்பு இரு கண்களிலும் சமமாக இருந்தது. திடுக்கிடும் அனிச்சைச் செயலில் கைகள் இரண்டும் ஒரே மாதிரி விரிந்தன. உறிஞ்சலும் அழுகையும் பலமாக இருந்தன. பால் குடிக்கும்போது தாடை அசைவுக்கு ஏற்ப இமை துள்ளுகிறதா என்று தனியாகக் கவனிக்கப்பட்டது, துள்ளவில்லை. 1883இல் மார்க்கஸ் கன் விபரித்த அந்தத் தாடை–இமைப் பிணைப்பில், குழந்தை உறிஞ்சும் ஒவ்வொரு தடவையும் தொய்ந்த இமை மேலே தாவும். அதைக் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பாலூட்டும் தாய்க்குப் பக்கத்தில் அமர்ந்து கொஞ்ச நேரம் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும். முதலில் அதைக் காண்பவர் அனேகமாகத் தாயாகவே இருப்பார். கேட்டால் மட்டுமே சொல்வார்.

கர்ப்பகாலம் இமையைத் தொடும் வழிகள்

கிளினிக் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் கதை ஒழுங்காகக் கோர்த்து வரும். கர்ப்பகால நீரிழிவினால் குழந்தை பருத்தது. பருத்ததனால் பிரசவம் நீண்டது. நீண்டதனால் கருவி தேவைப்பட்டது. கருவியால் கண் காயப்பட்டது. இந்தச் சங்கிலி வெறும் கற்பனையுமல்ல. நீரிழிவுள்ள தாயின் பெரிய குழந்தைக்குப் பிரசவத்தில் தோள் சிக்கி, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் இழுபடும் ஆபத்து கூடுதலாக உண்டு. அந்தப் பின்னலின் கீழ்ப்பகுதி காயப்படும்போது, அதை ஒட்டிச் செல்லும் பரிவு நரம்பும் சேர்ந்து சேதமானால் ஹோர்னர் நோய்க்குறித்தொகுதி தோன்றும். அதில் இமை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவே தாழும். அதே பக்கத்துக் கண்மணி சிறுக்கும், அந்தச் சிறுப்பு மங்கலான வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும். காலப்போக்கில் அந்தக் கதிராளியின் நிறமும் வெளிறலாம். இடுக்கி போட்டு எடுக்கும் பிரசவத்தில் இமையும் அதன் தசையும் நேரடியாக நசுங்கிய நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் உள்ளன. ஆனால் இக்குழந்தையின் கை பலமாக இருந்தது, கண்மணிகள் சமமாக இருந்தன, கிண்ணம் இருந்த இடம் தலையுச்சி. ஆகவே சங்கிலியின் கடைசிக் கண்ணி இங்கே அறுந்திருந்தது.

இதோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கை. பிரசவக் காயம் எதுவும் இல்லாத குழந்தைக்குச் சிறுத்த கண்மணியும் தாழ்ந்த இமையும் இருந்தால், அதைப் பிறவிக் குறை என்று முத்திரை குத்தி அனுப்பக்கூடாது. கழுத்திலோ மார்பிலோ வளரும் நியூரோபிளாஸ்ரோமா என்ற கட்டி பரிவு நரம்பை அமுக்குவதன் முதல் அடையாளமாக அது இருக்கலாம்.

நீரிழிவு நேரடியாகத் தசையைக் கெடுத்திருக்குமா என்ற கேள்விக்கு நாட்காட்டியே பதில் சொல்லும். மேலிமையை உயர்த்தும் தசை, விழியை மேல்நோக்கித் திருப்பும் தசையிலிருந்து கருவின் மூன்றாவது மாதத்தில் பிரிந்து உருவாகிறது. நான்காவது மாதத்தில் தன் இடத்தை அடைந்துவிடுகிறது. அவ்விரு தசைகளும் ஒரே மூலத்திலிருந்து வருவதால்தான் இமைத்தொய்வுள்ள பிள்ளைகள் சிலருக்கு விழியை மேலே உயர்த்துவதும் பலவீனமாக இருக்கிறது. இந்தத் தாய்க்கு நீரிழிவு கண்டறியப்பட்டது 26ஆம் வாரத்தில். அதற்கு முன் செய்த பரிசோதனை சாதாரணம். தசை கட்டிமுடிந்து பல வாரங்களுக்குப் பிறகு ஏறிய வெல்லமும், அதற்கும் பின்னர் தொடங்கிய மெற்போமினும், அதன் கட்டுமானத்தைக் கெடுத்திருக்க வழியில்லை. கர்ப்பம் தரிக்கும் முன்பே கட்டுப்பாடில்லாத நீரிழிவு உள்ள தாயின் நிலை வேறு. அவயவங்கள் உருவாகும் வாரங்களிலேயே வெல்லம் உயர்ந்திருப்பதால் அங்கே பிறவிக் குறைபாடுகளின் ஆபத்து பொதுவாகவே கூடுகிறது. முதல் வருகையில் குருதி வெல்லத்தைப் பார்ப்பதும், 24ஆம் வாரத்துக்கும் 28ஆம் வாரத்துக்கும் இடையில் மீண்டும் பார்ப்பதும் இருவேறு கேள்விகளுக்கான பதில்கள். அட்டையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருப்பதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

இடப்பக்கம் படுத்த கதைக்கும் ஒரு வரி எழுத வேண்டும், ஏனென்றால் கிராமத்தில் அது அதற்குள் பரவியிருந்தது. மேலே சொன்ன ஒல்ம்ஸ்டெட் பதிவுகளில் ஒரு பக்கத் தொய்வுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இடது இமையே தாழ்ந்திருந்தது. இந்த இடப்பக்கச் சாய்வுக்குக் காரணம் நிறுவப்படவில்லை. ஆனால் தாய் சரிந்து படுப்பதற்கும் பன்னீர்க்குடத்துக்குள் மிதந்து திரும்பிக்கொண்டிருக்கும் கருவின் ஒரு கண்ணுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. பக்கவாட்டில் படுக்கச் சொல்வது, மல்லாந்து படுக்கும்போது கருப்பை பெரிய குருதிக்கலன்களை அமுக்கிவிடாமல் இருக்கத்தான்.

கர்ப்பகாலம் உண்மையிலேயே இமையைத் தொடும் வழிகள் வேறு சில உண்டு. அவற்றுள் மிக அவசரமானது தாயின் தசைக்களைப்பு நோயான மயஸ்தீனியா கிராவிஸ். தாயின் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் (நோயெதிர்ப்புப் புரதங்கள்) சூல்வித்தகத்தை (நஞ்சுக்கொடியை) கடந்து குழந்தையை அடைவதால், இந்நோயுள்ள தாய்மாரின் குழந்தைகளில் ஏறக்குறைய 10 முதல் 20 வீதமானோருக்குத் தற்காலிகத் தளர்வு ஏற்படுகிறது. பிறந்த சில மணி நேரத்திலோ முதல் மூன்று நாட்களுக்குள்ளோ இரண்டு இமைகளும் சோரும், உறிஞ்சல் தளரும், அழுகை மெலியும், சிலருக்கு மூச்சும் திணறும். வாரங்களில், சிலவேளை ஓரிரு மாதங்களில், அந்தப் பிறபொருளெதிரிகள் கரைந்ததும் குழந்தை முற்றாகத் தேறிவிடும். ஆனால் இடைப்பட்ட நாட்களில் கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். தாய்க்கே நோய் கண்டறியப்படாமல் இருப்பதும் உண்டு. ஆகவே குழந்தையின் இமையைப் பார்க்கும் கையோடு தாயின் இமையையும் பார்க்க வேண்டும்; பின்னேரங்களில் பார்வை இரட்டிக்கிறதா, சோறு மெல்லும்போது தாடை சோர்கிறதா, தலைமுடி வாரக் கை உயர மறுக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்தத் தாய்க்கு அவை எதுவும் இல்லை.

இரண்டாவது, தாய்வழியாக வரும் மயோடோனிக் தசைத்தேய்வு. கர்ப்பத்தில் குழந்தையின் துடிப்பு குறைந்திருக்கும், பன்னீர்க்குடத்து நீர் மிகுந்திருக்கும். பிறந்த குழந்தை துவண்டு கிடக்கும், முகத்தில் அசைவு இராது, மேலுதடு கூடாரம்போல் கூம்பியிருக்கும். தாயோ தன்னை நோயாளி என்றே நினைத்திருக்க மாட்டார். அவரைக் கையை இறுக்கி மூடிச் சட்டென்று விரிக்கச் சொன்னால், விரல்கள் உடனே பிரியாமல் மெல்ல மெல்ல அவிழும். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை, செய்பவர்தான் குறைவு.

மூன்றாவது, மருந்தும் மதுவும். கருவுற்ற ஆரம்ப மாதங்களில் உட்கொள்ளப்படும் பெனிற்றோயின், வல்புரோயேற் போன்ற வலிப்பு மருந்துகளால் உண்டாகும் முக அமைப்பு மாற்றங்களுக்குள் இமைத்தொய்வும் விபரிக்கப்பட்டுள்ளது. மதுவினால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் கண் பிளவு குறுகியிருக்கும். சிலருக்கு இமையும் தொய்யும். வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்துவது தாய்க்கும் கருவுக்கும் அதைவிடப் பெரிய ஆபத்து என்பதால், மருந்தை மாற்றுவதென்றால் அது கர்ப்பம் தரிக்கும் முன்பே வைத்தியருடன் பேசிச் செய்யவேண்டிய காரியம். மதுவைப் பற்றி எங்கள் பகுதிக் கிளினிக்குகளில் தாய்மாரிடம் கேட்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. கேட்கும் உத்தியோகத்தர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுவிட்டு 'இல்லை' என்று தானே எழுதிவிடுவதும் உண்டு. கணவன் குடிப்பாரா என்று தொடங்கி, பிறகு வீட்டில் வேறு யாரும் எடுப்பதுண்டா என்று நகர்ந்தால் பதில் இயல்பாக வரும்.

நான்காவது, பிறக்கும்போது இல்லாமல் பிறகு வரும் தொய்வு. குறைமாதக் குழந்தைகளிலும், நிறை குறைந்த குழந்தைகளிலும், தாய்க்குக் கர்ப்பகாலக் குருதி அமுக்கமோ சூல்வித்தகக் கோளாறோ இருந்த குழந்தைகளிலும் குருதிக்குழாய்க் கட்டிகள் அதிகம் காணப்படுகின்றன. அவை மேலிமையில் வந்தால், முதல் சில வாரங்களில் ஒரு செம்புள்ளியாகத் தொடங்கி வேகமாகத் தடித்து, தன் பாரத்தாலேயே இமையைத் தாழ்த்திக் கண்மணியை மறைத்துவிடும். 2008இல் புரோப்ரனலோல் இக்கட்டிகளைச் சுருக்குவது கண்டறியப்பட்டபின் சிகிச்சை இலகுவாகிவிட்டது, ஆனால் கட்டி வளரும் அந்த முதல் மாதங்களில் அதைத் தொடங்க வேண்டும். கர்ப்பகால ஆபத்துக் காரணி என்ற சொல் இமைத்தொய்வு விடயத்தில் முழுப் பொருத்தத்தோடு நிற்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். வீட்டார் தேடும் இடமோ இதுவல்ல.

தொய்வுபோலத் தோன்றி வேறொன்றாக இருப்பவையும் உண்டு. பிறந்த முதல் வாரங்களில் வரும் கண் தொற்றில் மடல் வீங்கிச் சீழ் கட்டும். தாய்வழித் தொற்றான அதற்கு அன்றே சிகிச்சை தேவை. விழியே சிறுத்துப் பிறந்தால் இமை தாங்கலின்றி விழும். தாயின் ஜேர்மன் சின்னமுத்து (றூபெல்லா) கருவைத் தாக்குவது அதற்கான காரணங்களுள் ஒன்று. 1996இல் இலங்கையில் தொடங்கிய றூபெல்லா தடுப்பூசியின் பயனாக அந்நோய் அருகி, 2020இல் உலக சுகாதார நிறுவனம் மாலைதீவுடன் சேர்த்து இலங்கையையும் சின்னமுத்து, றூபெல்லா இரண்டையும் ஒழித்த நாடாக அறிவித்தது. இருந்தும் இமைக்குப் பின்னால் இருக்கும் விழியைப் பார்க்காமல் இமையைப் பற்றி மட்டும் எழுதி அனுப்பும் கடிதம் அரைகுறையானதே.

குடும்ப வரலாறு

குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா என்ற கேள்விக்கு அட்டையில் 'இல்லை' என்றிருந்தது. அது பொய்யல்ல, கேட்கப்பட்டவர்களுக்குத் தெரிந்த உண்மை. இங்குதான் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துக் குடும்ப அமைப்பு மருத்துவக் கேள்வியில் குறுக்கிடுகிறது. குடி தாய்வழியாக வருகிறது. வீடும் வளவும் பெண்ணுக்கு. கல்யாணத்தோடு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஆகவே குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்குப் போகும்போது எதிர்ப்படுபவர்கள் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, தாய்மாமன் என்று தாய்ப் பக்கத்தவர்கள். தகப்பனின் ஆட்கள் வேறு ஊரில் இருப்பார்கள். தகப்பன் வேலைக்குப் போயிருப்பார். குடும்ப வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் பாதிக் குடும்பத்தின் வரலாறே.

இந்தக் குழந்தையின் தகப்பன் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்திருந்த அப்பம்மாவைத் தற்செயலாகச் சந்தித்த உத்தியோகத்தர், அவர் நாடியை (மோவாயை) உயர்த்தி, இடது புருவத்தை நெற்றியின் பாதிவரை ஏற்றிக்கொண்டு பேசுவதைக் கவனித்தார். "எனக்குச் சின்னனில இருந்தே இப்பிடித்தான் மகள், அதுக்கென்ன?" என்றார் அவர். அவருக்கு அது ஒரு நோயாகவே தெரிந்திருக்கவில்லை; மருமகளுக்கோ மாமியின் பார்வை அப்படித்தான் என்று பழகிப்போயிருந்தது. தகப்பனைக் கிளினிக்குக்கு வரவழைத்துப் பார்த்தபோது, அவருடைய இடது இமை வலதைவிட ஒரு மில்லிமீற்றர் அளவில் தாழ்ந்திருந்தது. மடிப்புக் கோடும் மங்கலாக இருந்தது. தேசிய அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

மூன்று தலைமுறை, ஆணிலும் பெண்ணிலும், தாயிலிருந்து மகனுக்கும் அவரிலிருந்து அவருடைய மகனுக்கும். தகப்பனிலிருந்து மகனுக்கு வந்திருப்பதால் எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழியாக வருவது இங்கே விலகுகிறது. ஆட்சியுடைய (பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும்) பரம்பரை அலகு ஒன்று ஆளுக்கு ஆள் வெவ்வேறு கடுமையில் வெளிப்படுவதாகக் கொள்வதே பொருத்தம். பிறவி இமைத்தொய்வுள்ளவர்களில் பெரும்பான்மையினருக்குக் குடும்ப வரலாறு இல்லை என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பெரும்பான்மைக்குள் கேட்கப்படாத தகப்பன் வழிகள் எத்தனை இருக்கும் என்ற ஐயம் எங்கள் பகுதியைப் பொறுத்தவரை எனக்கு இருக்கவே செய்கிறது. மச்சான் மச்சாள் முறையில் நடந்த கல்யாணமா என்றும் கேட்கப்பட்டது, அல்ல. ஆட்சியுடைய அலகு என்றால் அது பெரிய வித்தியாசத்தைச் செய்யவும் மாட்டாது.

கண் பிளவு குறுகி, மூக்கின் அடிப்பகுதி தட்டையாகி, உள்மூலையில் கீழிருந்து மேலாக ஒரு தோல் மடிப்பும் உள்ள வகை வேறு. எப்.ஓ.எக்ஸ்.எல்.2 என்ற பரம்பரை அலகின் மாற்றத்தால் வரும் அதில், ஒரு பிரிவுப் பெண்களுக்குச் சூலகம் முன்கூட்டியே செயலிழக்கும். அப்பம்மா ஐந்து பிள்ளைகள் பெற்றவர். கண் பிளவின் அகலமும் மூவரிலும் சாதாரணம். அந்த வகை இங்கே இல்லை.

தொடர் பராமரிப்பு

கண்டறிதல்: இடது பக்க, எளிய வகை, குடும்பவழிப் பிறவி இமைத்தொய்வு. கர்ப்பகால நீரிழிவும் வெக்கியூம் பிரசவமும் உடன் நிகழ்ந்தவை; காரணமல்ல. இந்த வரி பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டிலும் தாயின் பதிவிலும் எழுதப்பட்டது. தாயிடமும் அம்மம்மாவிடமும் ஒன்றாக இருத்தியே விளக்கப்பட்டது. தனித்தனியாகச் சொன்னால் வீட்டில் இரண்டு விளக்கங்கள் உலவும். தங்கை குளிசைகளை மீண்டும் எடுக்கத் தொடங்கினார்.

காரணம் தெரிந்துவிட்டதனால் கண் காப்பாற்றப்பட்டதாகிவிடாது. இமைத்தொய்வுள்ள பிள்ளைகளின் உண்மையான ஆபத்து சோம்பற்கண், அதாவது மூளை ஒரு கண்ணை ஒதுக்குவதால் அதில் பார்வை வளராமல் போவது. ஒல்ம்ஸ்டெட் பிள்ளைகளில் ஏறத்தாழ 15 வீதத்தினருக்கு அது இருந்தது. கண்மணி மறைபடுவது ஒரு வழி, தாழ்ந்த இமை விழிவெண்படலத்தை (கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தை) அமுக்குவதால் புள்ளிக்குவியமில்லாமை, அதாவது வளைவு மாறி உருவம் மங்குவது, ஏற்படுவது இன்னொரு வழி, மாறுகண் மூன்றாவது. கண்மணி திறந்திருக்கிறதே என்று ஆறுதல்பட்டுக் கண்ணாடிப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் பிள்ளைகளில்தான் இரண்டாவது வழி ஓசையின்றி வேலை செய்கிறது. எனவே கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இட்டுச் செய்யும் பரிசோதனைக்காகக் குழந்தை கண் கிளினிக்குக்கு அனுப்பப்பட்டு, குறித்த இடைவெளிகளில் தொடர்ந்து பார்க்கப்படுகிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் வாவியைக் கடக்கப் பாதைக்காக (ஆட்களை ஏற்றும் மிதவைக்காக) காத்துநிற்கும் தொல்லை இல்லை. ஆனால் அறுவடைக் காலத்தில் கிளினிக் நாள் தவறுவது இன்னும் குறையவில்லை என்பதால், திகதிகள் போகத்தைப் பார்த்தே கொடுக்கப்படுகின்றன.

பார்வைக்கு இடையூறு இல்லாதவரை சத்திரசிகிச்சையை மூன்று முதல் ஐந்து வயதுவரை தள்ளிவைக்கலாம். அந்த வயதில் இமையின் அசைவைச் சரியாக அளக்கவும் முடியும். அசைவு ஓரளவு இருந்தால் தசையைச் சுருக்கித் தைப்பார்கள். 4 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் இமையை நெற்றித் தசையோடு இணைத்துத் தொங்கவிடும் முறை கைக்கொள்ளப்படும். கண்மணி முழுவதும் மறைந்தால் வயது பார்க்காமல் உடனே செய்ய வேண்டும். குழந்தை நாடியை உயர்த்திப் பார்க்கத் தொடங்கினால் அது அந்தக் கண்ணைப் பயன்படுத்த முயல்கிறது என்று பொருள். முன்பு உயர்த்திக்கொண்டிருந்த பிள்ளை அதைக் கைவிட்டால் காத்திராமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம், ஏனென்றால் அந்தக் கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்கியிருக்கலாம். நித்திரையில் கண் சற்றுத் திறந்திருப்பது இப்போதைக்குத் தீங்கில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் அந்த இடைவெளி கூடும் என்பதும், அப்போது இரவில் களிம்பு போடவேண்டி வரும் என்பதும் இப்போதே சொல்லப்பட்டுள்ளது.

அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று தகப்பன் கேட்டார். ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, வந்தாலும் தகப்பனுக்கு உள்ளதுபோல அரும்பாகவோ அப்பம்மாவுக்கு உள்ளதுபோலத் தெளிவாகவோ இருக்கலாம், அதற்காகக் கர்ப்பத்தில் தனியான பரிசோதனை எதுவும் தேவையில்லை என்று சொல்லப்பட்டது. தாய்க்கு மீண்டும் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே அடுத்த கர்ப்பத்தின் முதல் வாரங்களிலேயே குருதி வெல்லம் பார்க்கப்பட வேண்டும் என்ற குறிப்பு தனியாக எழுதப்பட்டது. திருக்கோவிலில் இருக்கும் தகப்பனின் தங்கைக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருப்பதாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளை படம் பார்க்கும்போது தலையைச் சரித்துப் பார்ப்பதாக அப்பம்மா சொன்னதன்பேரில், அவளையும் கண் கிளினிக்கில் காட்டும்படி கடிதம் கொடுக்கப்பட்டிருக்கிறது.